மொட்டைமாடி விளக்கு

அடையாறில் கடற்கரைக்கு ஒரு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் குடியிருப்பு. ஆமை முட்டைகள் பொரியும் மாதங்களில், கடலைப் பார்த்த விளக்குகளை இருட்டியதும் அணைத்துவிடும்படி அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று குஞ்சுகள் ஊர்ந்துவிடுமாம். அப்போது நான் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். மொட்டைமாடியில் இருந்த பெரிய விளக்கை அணைக்கலாமா என்று கூட்டத்தில் கேட்டேன்.

தரைத்தளத்தில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா எழுந்தார். முந்தின வருஷம் அவர் வீட்டு ஜன்னலை நெம்பி ஒருவன் உள்ளே வந்திருந்தான். அதற்குப் பிறகு போட்ட விளக்கு அது.

"ஆமையைப் பாத்துக்க எத்தனையோ பேர் இருக்காங்க சார். எனக்கு யார் இருக்கா?"

நான் அடுத்த விஷயத்துக்குப் போனேன். விளக்கு தொடர்ந்து எரிந்தது.

ஒரு விடியற்காலை அவரே போன் செய்தார். "கீழ வாங்க. கார் நிறுத்தற இடத்துல என்னமோ நெளியுது."

உள்ளங்கை அளவுகூட இல்லாத ஆமைக்குஞ்சுகள். சில சக்கரங்களுக்கு அடியில் இருந்தன. சில ஏற்கெனவே காய்ந்துபோயிருந்தன. நர்ஸ் அம்மா துணி அலசும் பேசினில் ஈர மணலைப் போட்டு, உயிரோடு இருந்தவற்றைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். குப்பத்திலிருந்து வந்த மீனவர் ஒருவர் வாசலில் நின்று பார்த்தார்.

"எங்க தெருவுல எல்லாம் அணைச்சிட்டு இருட்டுல ஒக்காந்துகினு கீறோம். உங்க மாடிக்கு மட்டும் இன்னா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் அம்மா முந்திக்கொண்டார். "நான்தான்பா வேணும்னேன். பயம்."

மீனவர் உள்ளே வந்தார். பேசினை வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தார். நர்ஸ் அம்மா செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே போனார்.

அந்த வாரமே மாடி விளக்கைக் கழற்றினோம். அதற்குப் பதிலாக, நர்ஸ் அம்மாவின் ஜன்னலுக்கு மேலே, தரையைப் பார்த்தபடி, ஆள் நடந்தால் மட்டும் எரியும் சின்ன விளக்கு ஒன்றைப் பொருத்தினோம்.

சில நாள் கழித்து அவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பூனை போனாகூட எரியுது. ஒவ்வொரு தடவையும் எழுந்து பாக்கறேன்."

"எடுத்துடலாமா?"

"வேணாம் சார். பூனைதான்னு தெரிஞ்சா நிம்மதியாத் தூங்கிடறேன்."