பாம்புக்கும் வெள்ளிக்கிழமை விரதம்

எழுபதுகளில், சிட்னியின் செவன் ஹில்ஸில், எனக்கு அடுத்த அறையில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். ஒல்லியானவர், நெற்றி நிறையத் திருநீறு. அறையில் சாமி படத்துக்கு எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டியில் மலைப்பாம்பு வளர்த்தார்.

ஒருமுறை பாம்பின் வாயில் புண் வந்தது. அது ஆறிய பிறகும் பாம்பு இரை எடுக்கவில்லை. நாளுக்கு நாள் முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. "எலியை வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள்" என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். இவரால் அது முடியாது. விருந்தாளியை உபசரிப்பதுபோல, செத்த எலியை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, "கொஞ்சமெண்டாலும் சாப்பிடு ராசா" என்று மணிக்கணக்கில் கெஞ்சுவார். அது தலையைத் திருப்பிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மட்டும் கெஞ்சல் கிடையாது. அன்று அவருக்கு விரதம். அதனால் பாம்புக்கும் விரதம்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, இப்படியே போனா அது செத்துடும். இன்னைக்கும் வச்சுப் பாருங்க" என்றேன்.

"சாமிக்கு முன்னாலயோ, தம்பி?" என்றார். ஆனாலும் குளிர்பெட்டியில் உறைந்திருந்த எலியை வெந்நீரில் சூடாக்கி உள்ளே வைத்தார். சாமி கண்ணில் படாமலிருக்கப் பெட்டியைத் துண்டால் முழுக்க மூடினார். வெட்கத்தோடு கதவைச் சாத்திவிட்டு, சமையலறையில் என்னோடு வந்து உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துத் துண்டைத் தூக்கினோம். பாம்பின் வாயில் எலியின் வால் நுனி மட்டும் தெரிந்தது. அதுவும் மெல்ல உள்ளே போனது.

"சாப்பிட்டிட்டான்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று முழுவதும் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விருந்து சாப்பிட்டு எழுந்தவர்கள் முகத்தில்கூட அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை.