மருந்து அடித்த கரை

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் வடக்கு எல்லையில் ஓடும் ஆற்றங்கரையில் போன செவ்வாய்க்கிழமை வனவிலங்கு இலாகாவினர் ஒரு பலகை நட்டார்கள். மூன்று வரி: 'பாதுகாக்கப்பட்ட ஆறு. நீர் நாய். குளிக்க, துவைக்கத் தடை.'

சேர்த்து எழுத வேண்டியதைப் பிரித்துவிட்டார்கள். வாளியோடு வந்த ராசம்மா, முப்பது வருஷமாகக் கொழுந்து பறிப்பவர், எழுத்துக்கூட்டிப் படித்தார். "என்னங்க ஐயா, நீர் ஒரு நாய், குளிக்காதீருன்னு போட்டிருக்கு?" மற்ற பெண்கள் சிரித்தார்கள். பேனாவால் அந்த இடைவெளியை இணைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். என் புத்தி அப்படி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர் என்பதும், பலகைக்குப் பின்னால் வேலிக்கட்டைகள் இறக்கியிருப்பதும் அப்புறம்தான் உறைத்தன.

கட்டைகளுக்குக் கறையான் மருந்து பூசியிருந்தார்கள். அந்த நெடி என்னைப் பழைய நாட்களுக்கு இழுத்துக்கொண்டு போனது.

இருபத்திரண்டு வயதில் நான் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தபோது இருகரையிலும் இருபதடி அகலத்துக்குக் கோரையும் மூங்கிலும் நின்றன. துவைக்கிற கல்லுக்கு எதிர்க்கல் நீர்நாயுடையது. காலையில் அது நண்டைக் கடிக்கும் சத்தம், முறுக்கு தின்பதுபோல, இக்கரைக்குக் கேட்கும். பெண்கள் துணி அடித்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி தின்னும். அதன் கல்லில் மீன்கவிச்சு, நம் கல்லில் சோப்பு வாசனை. யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

பிறகு தோட்டத்து மேலாளரான துரை அந்தக் கரைகளையும் வெட்டச் சொன்னார். தண்ணீர் விளிம்புவரை தேயிலை வைத்தோம். களைகொல்லி அடித்தோம். எங்களுக்கு அதன் பெயர் 'மருந்து'. அடித்து முடித்ததும், முதுகில் மாட்டும் மருந்து டாங்கிகளைத் துவைக்கிற கல்லிலேயே கழுவினார்கள். கழுவச் சொன்னவன் நான்.

"மருந்து மருந்துங்கிறீங்களே, யாரு நோவுக்குங்க இது?" என்று அன்றைக்கே ராசம்மா கேட்டார்.

"ஒன் வாய்க்குத்தான்" என்றேன். பெரிய பகடி என்று நினைத்து நாட்குறிப்பிலும் எழுதினேன். அடுத்த பக்கத்தில், 'நண்டுகள் மல்லாந்து கிடக்கின்றன.' மூன்று வாரம் கழித்து, 'எதிர்க்கல்லில் சத்தம் இல்லை.'

அந்த நாட்குறிப்பை வேலி போட வந்த அதிகாரியிடம் கொண்டுபோனேன். லயத்துச் சோப்பால்தான் நீர்நாய் அழிந்தது என்று அவர் சிங்களத்தில் சொன்னார். சோப்பு இல்லை, நான்தான் என்று நானும் சிங்களத்திலேயே சொல்லிப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். பழைய கொப்பி சட்டத்தில் செல்லாது என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவன்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. பழி போட லயம் இருக்கிறதே.

இன்று காலை வேலி முடிந்துவிட்டது. இனி தண்ணீருக்குத் தோட்டத்தின் மேற்பிரிவுக் குழாய்வரை ஒன்றரை மைல் ஏற்றம்.

"சும்மா நின்னு எழுதாதீங்க ஐயா, ஒரு வாளியப் புடிங்க" என்றார் ராசம்மா. பிடித்தேன். முழங்கால் வலிக்க வலிக்க அவர் முன்னால் ஏறினார்.

திருப்பத்தில் நின்று பார்த்தேன். கோரை இல்லை, நண்டு இல்லை, நீர்நாய் போய் எத்தனையோ காலம். வேலியில் ஓரிடத்தில் மட்டும் அகலமாக வாசல் விட்டிருக்கிறார்கள், மருந்து அடிக்கிறவர்கள் டாங்கியோடு இறங்குவதற்கு.