‘வலி இல்லை’ என்று எழுதியிருந்த கேஸ் ஷீட்

1. கேசு இல்லை என்றேன்

அஞ்சலை முதல் தடவை எங்கள் ஆபீசுக்கு வந்தபோது, “இதில் கேசு இல்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்பியது நான்தான். இளம் குமாஸ்தாக்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆகவே என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. பத்தாவது முடித்து, விருத்தாசலம் கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடையில் உட்கார்ந்தேன். மனு அடித்து அடித்தே சட்டம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து ஒரு வக்கீலம்மா என்னைக் குமாஸ்தாவாகக் கூட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி கேசுகள் அவரிடம் நிறைய வரும். பல் கேசு மட்டும் அபூர்வம். “பல்லுக்குப் போயி கேசா?” என்று சனங்களே சிரிப்பார்கள். பக்கத்துக் கிராமமான மங்களூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஒருமுறை சொன்னார்: “மருந்து கசக்குதுன்னு சொல்லலாம்மா. டாக்டர் கசக்குறாருன்னு எப்பிடிச் சொல்றது?” அந்தக் கூச்சம் பல பேருக்கு உண்டு.

அன்று வக்கீலம்மா கோர்ட்டில் இருந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். கடைவாய்ப் பல் பிடுங்கி நாலு மாதமாகிறது, அதிலிருந்து வேலை போய்விட்டது என்றார். நான் டீ சொல்லிவிட்டு, வழக்கமான கேள்விப் படிவத்தை எடுத்தேன்.

“எங்க வலிக்குது?”

“வலியே இல்லீங்கக்கா.”

“வீக்கம்?”

“இல்ல.”

“ரத்தம், சீழு?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“பல்லு மாத்திப் புடுங்கிட்டாங்களா?”

“இல்லக்கா, சொத்தப் பல்லுதான். சரியாத்தான் புடுங்குனாரு.”

பேனாவை மூடி வைத்தேன். “பல்லும் சரியான பல்லு, வலியும் இல்ல. அப்புறம் யாரு மேலம்மா கேசு போடுறது? நல்லாத்தானே இருக்கீங்க?”

அப்போதுதான் டீ வந்தது. அவர் டம்ளரை வாயின் ஒரு பக்கமாக வைத்து மடமடவென்று குடித்தார். இடது வாயோரம் டீ வழிந்து தாடையில் ஓடியது. “வழியுது பாருங்க” என்றேன். அவர் வலது பக்கத்தைத் துடைத்துவிட்டு, “போயிட்டு வரேங்கக்கா” என்று எழுந்து போனார்.

அப்புறம்தான் என் டீயை எடுத்து ஒரு வாய் வைத்தேன். உதடு வெந்துபோனது. கொதிக்கக் கொதிக்க இருந்த டீ! இதை அந்த அம்மா எப்படி ஒரே மூச்சில் குடித்தார்? ஏன் இந்தப் பக்கம் வழிந்ததற்கு அந்தப் பக்கம் துடைத்தார்?

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவர் உட்கார்ந்திருந்த கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸு கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் தட்டி, “எறங்குங்க, கேசு இருக்குது!” என்று கத்தினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “கேசு போடுறதுனா கோர்ட்டுலயே போட்டுட்டு ஏறக்கூடாதா? சண்டக்காரியாட்டம் பஸ்ஸு வரைக்கும் வந்து கேசு புடிக்கிறீங்களே!” என்றார். பஸ்ஸே சிரித்தது. அஞ்சலையும் சிரித்தபடியே இறங்கினார். சிரிக்கும்போது உதட்டின் இடது பாதி டீ சுட்டுச் சிவந்து கிடந்ததை அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன்.

2. உதட்டு வேலை

அஞ்சலை வேலை பார்த்தது ஊர் ஓரத்துத் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில். அச்சிலிருந்து எடுத்த பொம்மையைக் காயவைத்துச் சூளையில் அடுக்குவார்கள். உள்ளே துளி ஈரம் இருந்தாலும் சூளையில் வெடித்துவிடும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருக்கிற பத்தும் சில்லுப் பட்டு வீணாகும். ஆகவே அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு பொம்மையும் காய்ந்ததா என்று பார்த்துவிட வேண்டும். கையால் தொட்டால் தெரியாது. மண் வேலை செய்கிற கை தடித்துப் போயிருக்கும். அஞ்சலை பொம்மையின் அடிப்பாகத்தைக் கீழுதட்டில் ஒரு நொடி வைத்துப் பார்ப்பார். ஜில்லென்று இருந்தால் ஈரம். இல்லாவிட்டால் காய்ந்தது.

“பதினாறு வருஷமாக்கா. பட்டறையில எனக்கு ‘முத்தக்காரி’ன்னே பேரு. பொம்மைக்கு முத்தம் குடுத்தே சம்பளம் வாங்குறவன்னு கிண்டல் பண்ணுவாங்க.”

பல் பிடுங்கிய மறுவாரம் வேலைக்குப் போனார். இடது கையால் எடுத்து இடது பக்க உதட்டில் வைப்பதுதான் அவர் பழக்கம். அந்தப் பக்கம்தான் மரத்துப் போயிருந்தது. மரத்த உதட்டுக்கு ஜில்லிப்பு தெரியவில்லை. ஜில்லிப்பு இல்லையென்றால் காய்ந்தது என்றுதானே கணக்கு? எல்லாப் பொம்மையும் காய்ந்த பொம்மையாகப் போயின. உதட்டால்தான் இது என்று அவருக்கு உறைப்பதற்குள் மூன்று சூளைப் பொம்மைகள் வெடித்தன.

“மொதலாளிகிட்ட ஒதடு செத்துப்போச்சுங்கன்னு சொன்னேன். ‘பல்லப் புடுங்குனா ஒதடு எப்பிடிடி சாவும்? கத வுடுறியா’ன்னுட்டாரு. நோட்டுல எம் பேருக்கு நேரா ‘கவனக்குறைவு’ன்னு எழுதி வூட்டுக்கு அனுப்பிட்டாரு.”

“சரி, கேசுல உங்களுக்கு என்ன வேணும்?”

“பணம் குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டேன், பொய் எதுக்கு? ஆனா அந்த நோட்டுல இருக்குற எழுத்த அடிக்கணுங்கக்கா. வேற எந்தப் பட்டறைக்குப் போனாலும் ‘நீதானே சூளைய வெடிக்க வச்சவ’ன்னு கேக்குறாங்க. நான் கவனமா இல்லாம ஒரு நாளும் வேல பாத்ததில்ல.”

வக்கீலம்மாவிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “டாக்டர் மேல நாம போடப் போற வார்த்தையும் அதேதான், கவனக்குறைவு. ரெண்டு பேருல யாருது அதுன்னு காட்டிட்டா போதும்.”

முதல் வேலையாக இலவச சட்ட உதவிக்கு மனு கொடுத்தோம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே அது கிடைக்கும். இது தெரியாமல் எத்தனையோ பேர் வாசலோடு திரும்பிப் போகிறார்கள்.

3. பஞ்சும் கட்டைவிரலும்

கேஸ் ஷீட் கேட்டு, பல் பிடுங்கிய கிளினிக்குக்கு நானே போனேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண், “அதெல்லாம் வெளிய குடுக்க மாட்டோம்” என்றார். “நோயாளி எழுத்துல கேட்டா குடுத்தாகணும்மா. முடியாதுன்னா அதையும் எழுத்துலயே குடுங்க, வாங்கிட்டுப் போறேன்” என்றேன். இரண்டு நாளில் நகல் வந்தது. ஒரே பக்கம். பல் எடுத்த தேதி, ஊசி, மாத்திரை. எக்ஸ்ரே என்ற சொல்லே அதில் இல்லை. அடுத்தடுத்து இரண்டு தடவை போனதற்கு எதிரே ஒரே வரி: ‘வலி இல்லை. புண் ஆறிவிட்டது.’

அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் கேட்டதே அந்த ஒரு கேள்விதான். நான் மட்டும் என்ன வேறா கேட்டேன்?

அந்தக் கோபத்தில் முதல் வரைவில் ‘இரக்கமற்ற அந்த மருத்துவர்’ என்று அடித்துவிட்டேன். வக்கீலம்மா அதைச் சுழித்தார். “கடைவாய்ப் பல்லு எடுக்கையில நரம்பு அடிபடுறது கைதேர்ந்த டாக்டருக்கும் நடக்கும். அது மட்டும்னா கேசு நிக்காது. எக்ஸ்ரே எடுக்காம புடுங்குனது ஒண்ணு. இப்பிடி ஆகலாம்னு முன்னாடியே சொல்லாதது ரெண்டு. மரத்துப்போச்சுன்னு சொன்னப்புறமும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதது மூணு. இந்த மூணையும் அடி. மத்தத உன் மனசுல வச்சுக்க.”

மூன்றாவதுக்குச் சாட்சி வேண்டுமே? “நான் சொன்னேங்க” என்கிறார் அஞ்சலை. தாளில் ஒன்றும் இல்லை. யோசித்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று, “வாட்ஸாப்புல பேசி அனுப்புனேனே” என்று போனை எடுத்தார். கிளினிக் நம்பருக்கு அவர் அனுப்பிய குரல் பதிவு அப்படியே இருந்தது: “டாக்டருங்களா, ஊசி போட்டு பத்து நாளாச்சுங்க, எடது பக்கத்து ஒதடு இன்னும் மரமாட்டம் இருக்குது. சோறு வழியுறதுகூடத் தெரியல. என்ன பண்றதுங்க?” கீழே இரண்டு நீலக் கோடு. பதிலாக ஒரு கட்டைவிரல் படம்.

அந்தப் பேச்சை நான் ‘கீழுதடு உணர்வற்றுள்ளது’ என்று அழகாக அடித்து வைத்தேன். வக்கீலம்மா அதையும் சுழித்தார். “அவங்க சொன்னது மரமாட்டம். மரமாட்டம்னே அடி.”

பிறகு நிபுணர் கருத்துக்காக அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரு பெரிய டாக்டர் அஞ்சலையைக் கண்ணை மூடச் சொன்னார். “பஞ்சால தொடுவேன். தொடும்போதெல்லாம் சொல்லணும்.” வலது பக்கம் தொட்டார், ஒவ்வொரு தடவையும் “ம்” என்றார் அஞ்சலை. இடது பக்கம் தொடத் தொடங்கினார். பஞ்சு, அப்புறம் ஊசி முனை. பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். அஞ்சலை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடைசியில், “எப்ப சார் ஆரம்பிப்பீங்க?” என்றார்.

“முடிச்சுட்டேன்மா” என்றார் டாக்டர்.

கண்ணைத் திறந்த அஞ்சலை என்னைப் பார்த்தார். டாக்டர்தான் ஆறுதலாகப் பேசினார். நரம்பு முழுக்க அறுபடவில்லை, தாடை ஓரத்தில் கொஞ்சம் உணர்ச்சி இருக்கிறது, மாத்திரையும் பயிற்சியும் கொடுத்தால் மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். “முன்னாடியே அனுப்பியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்” என்று எழுதியும் கொடுத்தார்.

4. கடலூரில்

வழக்கு கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. இரண்டு வாய்தாவுக்குப் பிறகு இரு தரப்பையும் சமரசப் பேச்சுக்கு அனுப்பினார்கள். ஒரு சின்ன அறை, ஒரு மேசை. அந்தப் பக்கம் பல் டாக்டரும் அவருடைய வக்கீலும். எனக்கு அவரைப் பார்த்து ஏமாற்றமாகிவிட்டது. வில்லன் மாதிரி இருப்பார் என்று நினைத்திருந்தேன். தூங்காத கண்ணோடு ஒரு சாதாரண மனிதர்.

அவருடைய வக்கீல்தான் முழங்கினார். “அம்மா பேசுறாங்க, சாப்புடுறாங்க, இப்பகூடச் சிரிச்சாங்க. கேஸ் ஷீட்டுலயே ‘வலி இல்லை’ன்னு இருக்கு, அவங்களே சொன்னது. வலியே இல்லாதவங்களுக்கு என்ன நஷ்டம்?”

எங்கள் வக்கீலம்மா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டார்.

“ஆமாங்க, வலி இல்ல. இருந்தா நல்லாருக்குங்க. கொதிக்குற டீ பட்டா வலிக்கணுமில்ல? எனக்கு வலிக்கல. வெந்து தோலு உரிஞ்சப்புறம் கண்ணாடியில பாத்துத்தான் தெரியுது. வலி இல்லேன்றதத்தாங்க நான் சொல்லிக்கிட்டு வந்தேன். நீங்க சந்தோசமா எழுதிக்கிட்டீங்க.”

வக்கீலம்மா அஞ்சலையின் போனை எடுத்து மேசையில் வைத்து, குரல் பதிவை ஓடவிட்டார். ‘மரமாட்டம்’ என்ற இடத்தில் டாக்டர் நிமிர்ந்தார்.

“இத நான் கேக்கவே இல்லீங்க. அந்தப் போனு ரிசப்ஷன்ல இருக்கும். கட்டைவிரல அவங்க போட்டிருப்பாங்க.”

“உங்க கிளினிக் போன்தானே டாக்டர்?” என்றார் வக்கீலம்மா.

டாக்டர் தன் வக்கீலைப் பார்க்கவில்லை. அஞ்சலையைப் பார்த்தார். “என்னம்மா செய்யணும்?”

வக்கீல் அவருடைய கையைப் பிடித்து அமுக்கியது எனக்கே தெரிந்தது. ஆனாலும் அவர் கேட்டுவிட்டார். அதன்பின் பேச்சு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வைத்தியச் செலவும் வேலை போன மாதங்களுக்கு ஈடும் தர ஒப்புக்கொண்டார். இனிக் கடைவாய்ப் பல் என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் தொடுவதில்லை, ஒப்புதல் தாள் தமிழில் இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அஞ்சலை விடவில்லை. “எனக்குத் தனியா ஒரு கடுதாசி வேணுங்க. ஒதடு மரத்தது பல்லு புடுங்குனதாலன்னு, எங்க மொதலாளிக்குப் புரியுற மாதிரி.” டாக்டர் அதைத் தன் கைப்படவே எழுதினார். ‘என் கவனக்குறைவால்’ என்று அவர் எழுதியபோது அவருடைய வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

5. நோட்டு

கடிதத்தைக் கொடுக்க நானும் கூடப் போனேன். பட்டறை முதலாளி அதை இரண்டு தடவை படித்தார்.

“அட, நெசமாவே ஒதடுதானா? நான் புத்திதான் போயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்.”

“புத்தி இருக்குதுங்க. நோட்ட எடுங்க” என்றார் அஞ்சலை.

“அடிச்சா நோட்டு அசிங்கமாயிடும்மா. பக்கத்துல ஒரு வரி எழுதிடட்டுமா?”

“அசிங்கமானா பரவால்ல. அடிங்க.”

முதலாளி பேனாவால் ஒரு கோடு போட்டார். “நல்லா அடிங்க, எழுத்து தெரியுது” என்றார் அஞ்சலை. மூன்று கோடு விழுந்தது. பிறகு அஞ்சலை பொம்மை காய்கிற பலகைக்குப் போய், ஒரு பொம்மையை இந்தத் தடவை வலது கையால் எடுத்து, வலது பக்க உதட்டில் வைத்தார். “இது ஈரம்” என்று தனியே வைத்தார். பக்கத்தில் இருந்தவள், “முத்தக்காரி கை மாத்திட்டாடி!” என்று கூவினாள். சமீபத்தில் அஞ்சலைக்கு இடது தாடையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். நல்ல அறிகுறி என்று கல்லூரி டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இதில் நான் கற்றது ஒன்றுதான். கட்சிக்காரர் “இல்லை” என்று சொன்னால், அவரை விட்டுவிட்டு, நாம் கேட்ட கேள்வியைத் திரும்பப் படிக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் படிவத்தில் ‘எங்கே வலி?’ என்பதற்கு மேலே இப்போது வேறொரு கேள்வி இருக்கிறது: ‘முன்பு செய்ததில் எதை இப்போது செய்ய முடியவில்லை?’

போன வாரம் பெண்ணாடத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார். பல் செட்டு சரியாகக் கட்டவில்லை என்றார். வலியா என்றால் இல்லை. சாப்பிட முடியவில்லையா என்றால், எப்படியோ ஓடுகிறது என்றார். புதுக் கேள்வியைக் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“பேத்தி பேரு ஸ்வேதாம்மா. கூப்புட்டா காத்துதான் வருது. கொழந்த, ‘தாத்தா, டயரு பஞ்சராயிடுச்சா’ன்னு கேக்குது.”

சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். பிறகு பேனாவைத் திறந்து, மனுவின் முதல் வரியாக அதையே எழுதிக்கொண்டேன்.