ஈர்க்கிலில் அளந்த பிக்கப்

தேவாலயப் பெருநாள் மேடையில் பாதிரியார் அச்சன் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கிட்டார் தானாக ரீங்கரித்து மூளத் தொடங்கியது. நான் அதைத் தொடக்கூட இல்லை. மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த சீரியல் விளக்குகளைப் போட்டார்கள், அவ்வளவுதான். தகர டப்பாவில் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் ஒலிபெருக்கி வழியாக ஊருக்கெல்லாம் கேட்டது. அது அடங்கட்டும் என்று அச்சன் கண்ணை மூடிக் காத்திருந்தார். அது அடங்குகிற ஜாதி இல்லை. கடைசியில் ஆமென் சொன்னது அச்சனா கிட்டாரா என்று முன்வரிசையில் இருந்தவர்களுக்கே சந்தேகம்.

எங்கள் கானமேளா பாட்டுக் குழுவின் தலைவர் குன்னத்துகால்காரர், வயலின் வாசிப்பவர், கோபம் வந்தால் மீசையை மட்டும் அசைப்பவர். அன்றைக்கு வாயையும் அசைத்தார்.

"எலே மக்கா, பாட்டுக்கு எடையில மூளினா நான் பொறுப்பேன். அச்சனுக்க ஜெபத்துக்கு எடையிலயா? அடுத்த பெருநாளுக்கு ஒண்ணு ஒனக்க கிட்டாறு மூளாம இருக்கணும், இல்லெங்கி மேடையில நீ இருக்கப்படாது. ரெண்டுல ஒண்ணாக்கும்."

அந்த மேடையைத் தவிர நான் ஆளாகத் தெரியும் இடம் வேறெதுவும் உலகத்தில் இல்லை.

நிலச்சீர்திருத்தத்தில், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரரான அப்பாவுக்குக் கிடைத்த பத்து சென்ட்டில் ஒரு அயனி மரம் நின்றது. காற்றில் முறிந்த அதன் கொம்பிலிருந்து ஆசாரி செதுக்கித் தந்ததுதான் என் கிட்டாரின் உடம்பு. கம்பியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் காந்தப் பெட்டியை பிக்கப் என்பார்கள். அதை மட்டும் ஏதோ செத்துப்போன கிட்டாரிலிருந்து கழற்றி மாட்டியிருந்தோம். மூளியது அதுதான்.

காட்டாக்கடையில் ரேடியோ பழுது பார்ப்பவர் விளக்கினார். பிக்கப்பில் இரண்டு வகை உண்டாம். ஒற்றைச் சுருள் மணி மாதிரி ஒலிக்கும், ஆனால் பக்கத்தில் டியூப்லைட் எரிந்தால் அதையும் சேர்த்துப் பாடும். இரட்டைச் சுருள் மூளாது, ஆனால் சத்தம் சளி பிடித்த மாதிரி தடிக்கும். எது வேண்டுமென்றாலும் கல்ஃபிலிருந்துதான் வரவேண்டும்.

கல்ஃபில் எனக்கு அளியன் உண்டு. அக்காவின் கணவர், முன்பு ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டியவர்; அவருக்கு நானும் அளியன்தான். அக்கா கர்ப்பமாக இருந்தபோது விமானம் ஏறியவர், தன் குழந்தையை இன்னும் கண்ணால் பார்த்ததில்லை.

மணியா, சளியா? மூன்று வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒற்றை என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். இரட்டை என்று எழுதிக் கிழித்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை. இதை என் மனைவியே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் கல்ஃபுக்கு அளவு அனுப்புவதற்கு ஒரு முறை உண்டு. தென்னையோலை ஈர்க்கிலைக் காலோடு வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை ஒடித்துக் கடிதத்துக்குள் வைப்பார்கள். அங்கே இருப்பவர் அதைக் கடையில் வைத்துச் செருப்பு வாங்குவார். கடிதம் அனுப்பும் அன்று அக்கா குழந்தையின் காலுக்கு ஒன்று ஒடித்து வைத்திருந்தாள். நானும் என் பிக்கப்பை ஈர்க்கிலால் அளந்து ஒடித்தேன். "சிவப்பு நூல் கட்டியது கிட்டாருக்கு, வெறும் ஈர்க்கில் குழந்தைக்கு" என்று கடிதத்தில் எழுதிவிட்டு, ஒற்றை என்றிருந்ததை வெட்டி இரட்டை என்று மாற்றிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஜீப் வந்து நின்றது. கடிதத்தைக் கொண்டுபோக ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் விமானம் ஏறப் புறப்பட்டுவிட்டார்.

"லேய், ப்ளேன் ஒனக்கு வேண்டி நிக்காது கேட்டியா!"

மேசையில் இரண்டு ஈர்க்கில், கையில் ஒரு நூல். எது எது? திரும்ப அளக்க நேரமில்லை. கிட்டார் பெரிய சாமான், குழந்தை சின்னது, ஆகவே நீளமானது கிட்டாருக்கு என்று என் மூளை தீர்ப்பளித்தது. நூலைக் கட்டி, உறையை ஒட்டி, ஜீப்பின் பின்னால் ஓடிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, லீவில் வந்த ஒருவரிடம் பார்சல் வந்தது. உள்ளே ஒரு ஜோடி செருப்பு. பொம்மைக்குக்கூட இறுக்கும். கூடவே அளியனின் கடிதம்.

"பிள்ளைக்க காலு என்னத்துக்கு இத்தற சிறுசா இருக்கு? ஒண்ணர வயசாச்சுல்லா? கஞ்ஞி ஒழுங்கா குடுக்கியளா? டாக்டர்கிட்ட காட்டுங்கோ. நான் அரபிகிட்ட அழுது லீவு கேட்டிருக்கேன், ஒடனே வாறேன். அளியனுக்க சாமானத்துக்கு நாலு கடை ஏறினேன். அந்த நீளத்துல நாலு கம்பி கிட்டாறுக்குள்ளதுதான் கிட்டிச்சு. இரட்டைதான், மூளாது, பேடிக்காண்டாம்."

அக்கா செருப்பைப் பார்த்தாள். குழந்தையின் கொழுத்த காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் கிணற்றடியில் இருந்தேன்.

"எலே, இங்க வா! எனக்க பிள்ளைக்க காலு ஒனக்கு கிட்டாறாக்கும், இல்லியா?"

என் கிட்டாருக்கு ஆறு கம்பி. வந்த பெட்டியோ தாழ்ந்த சுரம் வாசிக்கும் நாலு கம்பிக்காரனுக்கு உள்ளது. ஆசாரி உளியோடு வந்து பிக்கப் உட்காரும் பள்ளத்தை அகலமாக்கினார். "பிள்ளைக்க காலு எங்கயாக்கும் பொதைக்கியது?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். மாட்டித் தட்டினேன். மூளல் இல்லை. சத்தமும் பாதி இல்லை. தடித்த கம்பிகள் எருமை மாதிரி முழங்கின; மெல்லிய இரண்டும் அடுத்த பஞ்சாயத்தில் யாரோ வாசிப்பது போல் கேட்டன.

பெருநாளுக்கு முந்தின வாரம் அளியன் வந்து சேர்ந்தார். பெட்டியை இறக்கக்கூட நிற்காமல் குழந்தையின் காலைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் வைத்து அளந்தார். முகம் தெரியாத ஆளைக் கண்டு குழந்தை அவர் தாடையில் ஒரு உதை விட்டது. "நல்ல காலு," என்றார், கண் கலங்கி.

பெருநாளன்று சீரியல் விளக்குகள் எரிந்தன. அச்சன் ஜெபத்தைத் தொடங்கும்போதே ஓரக்கண்ணால் என் கிட்டாரைப் பார்த்துக்கொண்டார். ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஆனால் முதல் பாட்டில் என் மணிச் சத்தம் வரவேண்டிய இடத்தில் எருமை வந்தது. தலைவரின் மீசை அசைந்தது. தொலைந்தேன் என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டுக்கு முன் பக்கத்தில் வந்து காதில் சொன்னார்:

"மெலிஞ்ச கம்பி ரெண்டையும் தொடாத. தடிச்சதுல மட்டும் தட்டு. நமக்கு தாழ வாசிக்க ஆளில்லாம கெடக்கு."

அன்றிலிருந்து இருபது வருஷம் அதே மேடையில் தடித்த கம்பி மட்டும் தட்டினேன். அன்றைக்கு முன்வரிசையில் மகளை மடியில் வைத்திருந்த அளியன், பாட்டு முடிந்து மற்றவர்கள் கைதட்டியபோது, அவளுடைய வலது காலைத் தூக்கி எனக்கு ஆட்டிக் காட்டினார்.