தாய்மாமன் தலை

பள்ளிபாளையத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் நான் பார்க்கும் வேலைக்கு டிசைனர் என்று பெயர். உண்மையில் தலை மாற்றுகிற வேலை. நாற்பது பேர் நிற்கும் கல்யாண குரூப் போட்டோவில் எப்படியும் ஒரு சித்தப்பா கண்ணை மூடியிருப்பார், ஒரு பெரியம்மா பந்தி நடக்கும் பக்கம் திரும்பியிருப்பார். அதற்காகவே ஒரே இடத்தில் நாலைந்து படம் எடுத்து வைத்துக்கொள்வோம். இரண்டாவது படத்திலிருந்து சித்தப்பாவின் தலையை வெட்டி முதல் படத்தில் ஒட்டி, கழுத்தோரத்தைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் நீவிவிட்டால் முடிந்தது. மூடிய கண், திரும்பிய முகம் இரண்டும் எங்கள் தொழிலில் பிழை. யோசிக்கவே மாட்டோம், மாற்றிவிடுவோம். இதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தின் யோக்கியதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்காவைக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கு ஒரே பெண். ஒன்றரை வயதில் பாப்பாவுக்குக் காது குத்து வைத்தார்கள். அக்கா வீட்டுக்காரரின் குலதெய்வக் கோயில் சங்ககிரிப் பக்கம், தார் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். ஆக, அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே வேலை உட்காருவது. அதைக்கூடச் செய்யவில்லை.

காரணம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதை என்னிடம் கொடுக்காமல் சேலத்தில் வேறு கடையில் அடித்திருந்தார்கள். அதுவே எனக்கு ஆகவில்லை. முதல் நாள் சாயங்காலம் பேனரின் படம் போனில் வந்தது. மேலே அக்கா வீட்டுக்காரரின் நண்பர்கள் ஆளுக்கொரு கூலிங் கிளாஸோடு பெரிது பெரிதாக நின்றார்கள். என்னைத் தேடினேன். அடியில் ‘அன்புடன் வரவேற்கும் குட்டீஸ்’ என்ற வரிசையில், பால்பாட்டிலோடு இருந்த ஒரு குழந்தைக்கும் மொட்டை போட்ட இன்னொரு குழந்தைக்கும் நடுவில் என் தலை. அதுவும் காலேஜ் அடையாள அட்டையில் இருந்த தலை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. காலையில் அம்மா, பாப்பாவுக்கு நான் வாங்கியிருந்த தோட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். “நீ முன்னால போ, நான் வண்டில வாரேன்” என்றேன். அக்கா போன் செய்தபோதும் “வந்துட்டே இருக்கேன்” என்றேன். சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும், அப்போதுதான் தாய்மாமன் அருமை தெரியும் என்பது என் கணக்கு. அந்த ஒரு மணி நேரம் ஆனதும், இவ்வளவு தாமதமாக எந்த முகத்தோடு போவது என்று இன்னொரு கௌரவம் வந்து சேர்ந்தது. தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்தேன்.

அங்கே நல்ல நேரம் முடியப்போகிறது என்று எங்கள் பெரியப்பா மகனான அண்ணனை உட்கார வைத்துவிட்டார்கள். அவர் லாரி டிரைவர். லோடு இறக்கிவிட்டு நேராகக் கோயிலுக்கு வந்தவர். அன்று சாயங்காலம் அக்காவிடம் காய்ச்சல் என்று சொன்னேன். “மாத்திரை போட்டயா சாமி?” என்று மட்டும் கேட்டாள்.

ஒரு மாதம் கழித்து அக்கா காது குத்துப் படங்கள் இருந்த ஒரு பென்டிரைவோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். “பாப்பா பெருசாயி போட்டாவப் பார்த்தா, மாமன் எங்கேன்னு கேக்கும். நான் என்னன்னு சொல்லட்டும்? உன்ற தலைய வெச்சுடு சாமி. நீ வல்லைங்கறது அதுக்குத் தெரியவே வேண்டாம்” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வந்த வாடிக்கையாளர்களில் அவளுக்குத்தான் அதிகச் சிரத்தை எடுத்து வேலை செய்தேன். அக்கா கல்யாண ரிசப்ஷனில் என்னை எடுத்த படத்திலிருந்து, பல் அத்தனையும் தெரியச் சிரிக்கும் நல்ல தலையாக எடுத்தேன். அண்ணனுக்கு லாரி ஜன்னலோர வெயிலில் வலது கை மட்டும் கறுத்துக் கிடந்தது. அதை என் முகத்துக்குத் தக்கபடி வெளுக்க வைத்தேன். அண்ணன் கண்ணை மூடியிருந்ததால் அவர் தலையை எடுப்பதில் எனக்கு உறுத்தலும் இல்லை. பின்னால் நின்ற அக்கா கேமராவைப் பார்க்காமல் எங்கேயோ திரும்பியிருந்தாள். கையோடு கையாக, அதே நாள் எடுத்த வேறு படத்திலிருந்து அவளுடைய சிரித்த தலையையும் கொண்டுவந்து வைத்தேன்.

அக்கா அதைப் பெரிதாக ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினாள். பார்த்த அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. “தல போனாப் போவுது, மடி என்னுதுதான” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாப்பாவுக்கு இப்போது ஏழு வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பாப்பா அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.

“மாமா, நான் இப்பிடி அழுவறேன். நீங்க ஏன் சிரிக்கறீங்க?”

இத்தனை வருடத்தில் படத்தில் நான் பார்த்ததெல்லாம் என் கழுத்து ஒட்டியிருக்கிற அழகைத்தான். சமையலறையிலிருந்து அக்கா, தோசைக்கல்லை விட்டுத் திரும்பாமலே, “நீ அழுவாம இருக்கோணும்னு மாமா சிரிச்சுக் காட்டுனாங்க சாமி” என்றாள்.

பாப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “அம்மாவும் சிரிக்கறாங்க. எனக்கு வலிக்குது, ரெண்டு பேரும் சிரிக்கறீங்க” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

மறுநாள் ஸ்டுடியோவில் பழைய ஃபைலைத் திறந்தேன். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. தலைத் தேர்வில்தான் கோளாறு, என் படங்களில் கொஞ்சம் சோகமான தலையாகத் தேடி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதலில், ஒட்டியிருந்த என் தலையை நீக்கினேன். அடியிலிருந்து அண்ணன் வந்தார். கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் காதிலேயே ஊசி இறங்குவது போல் உட்கார்ந்திருந்தார். பிழை என்று நான் தூக்கிப்போட்ட முகம் அது. ஒரு மாமனுக்கு அந்த நேரத்தில் அதைவிடச் சரியான முகம் வேறு கிடையாது. என் ஆல்பம் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒன்று என்னிடம் இல்லை.

பிறகு அக்காவுக்கு ஒட்டியிருந்த தலையை நீக்கினேன். அடியில் அவளுடைய நிஜ முகம் இருந்தது. ஆசாரியின் கை பாப்பாவின் காதில் இருக்கிறது, பாப்பா வாய் பிளந்து கத்துகிறாள், பெற்றவள் குழந்தையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

யார் தலையையும் தொடாமல், எடுத்தது எடுத்தபடி ஒரு பிரிண்ட் போட்டேன். அடுத்த ஞாயிறு அதைக் கொண்டுபோய்ப் பாப்பாவிடம் கொடுத்து, “அன்னைக்கு மாமா வல்ல சாமி. கோவிச்சுக்கிட்டு ஊட்லயே இருந்துட்டேன். உன்னைய மடில வெச்சிருந்தது பெரிய மாமா” என்றேன். பாப்பா அண்ணனின் முகத்தைப் பார்த்து, “பெரிய மாமாவுக்கும் வலிக்குதாட்டம்” என்றாள்.

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காய்ச்சலைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

“அப்பத்தான் ரோட்டுல ஒரு வண்டிச் சத்தம் கேட்டுச்சு” என்றாள். “நீ வந்துட்டேன்னு நெனச்சுட்டேன் சாமி. நான் திரும்பறதுக்குள்ள ஒரு காது குத்தி முடிச்சுட்டாங்க.”