வாசம் போடாத சோப்பு

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடியில் திரிபுரசுந்தரி அன்று ரோஜா சோப்பு கலக்கிக்கொண்டிருந்தாள். பொன்மலையில் பிறந்து, கல்யாணமாகி ஐதராபாத்துக்கு வந்தவள். மகள் ஹம்ஸினி பள்ளிக்குப் போய்விட்ட காலை நேரங்களில் வீடியோ பார்த்துப் பழகிய கை அது. காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரோடு தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் சேர்ந்து, பாயசம் மாதிரி மெல்லக் கெட்டிப்படும் நேரம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். கரண்டியைத் தூக்கினால் சொட்டுகிற கோடு உள்ளே போகாமல் மேலேயே மிதக்கும். அப்போதுதான் வாசனை எண்ணெயை விடவேண்டும்.

விட்டாள். வாசம் வரவில்லை. விட மறந்துவிட்டோமோ என்று இன்னொரு மூடி விட்டாள். பிறகு இன்னொன்று.

உள்ளறையில் ஆன்லைன் வகுப்பிலிருந்த ஹம்ஸினி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, ஏமைந்தி? என்னாச்சு? பாட்டில் கொட்டிடுச்சா? தலை சுத்துது!"

சுந்தரி பாத்திரத்தின் மேல் குனிந்தாள். இளஞ்சிவப்பாகக் குழம்பு அசைந்தது. அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதைப் பார்ப்பது போலிருந்தது.

கொரோனாவின் இரண்டாவது அலை ஊரெங்கும் அடித்துக்கொண்டிருந்த மாதம் அது. அந்த வாரமே வீட்டில் அவள், கணவன், மகள் மூன்று பேருக்கும் காய்ச்சல் வந்தது, போனது. மற்ற இருவருக்கும் எல்லாம் பழையபடி ஆயிற்று. சுந்தரிக்கு மூக்கு மட்டும் திரும்பவில்லை.

ஆனால் மதியத் தூக்கத்தில் அவளுக்கு எல்லா வாசங்களும் வந்தன. கனவில் அவள் ஏதோ ஒரு நீளமான தெருவில் நடப்பாள். ஒரு வாசலில் ரவை வறுபடும். அடுத்ததில் புது நோட்டுப் புத்தகம். இன்னும் கொஞ்சம் தள்ளி, வெயிலில் காய்ந்த பருத்திச் சேலை. முகங்கள் இல்லாத தெரு, வாசங்கள் மட்டும் குடியிருந்தன. விழித்ததும் ஒரு நொடி மேலுதட்டில் ஏதோ ஒட்டியிருக்கும். அது போய்விடக் கூடாதென்று அசையாமல் படுத்திருப்பாள். மின்விசிறி சுற்றும், அது போய்விடும்.

"ரோஜு எக்கடிகி போத்தாவு அம்மா? தினமும் எங்கதான் போற? சிரிச்சுட்டே தூங்குற," என்று ஹம்ஸினி ஒருநாள் கேட்டாள்.

"பக்கத்துத் தெருவுக்குத்தான்," என்றாள் சுந்தரி.

எட்டு மாதம் கழித்து மூக்கு வந்தது. வந்த மூக்கு வேறு யாருடையதோ போலிருந்தது. காபி எரிந்த டயராக நாறியது. வெங்காயம் வதக்கினால் குமட்டியது. எல்லாவற்றையும்விட மோசம் சோப்பு. ரோஜா, சந்தனம், எலுமிச்சை எதுவானாலும் மண்ணெண்ணெயில் ஊறிய அழுகல் மாதிரி முகத்தில் அறைந்தது. நரம்பு திரும்ப வளர்கிறது, பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். தான் செய்த சோப்புகளை எல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டுக் கீழ்வீட்டு லலிதாவிடம் கொடுத்துவிட்டாள். கொடுத்த கையை மூக்குக்கு எட்டாமல் தூக்கிப் பிடித்தபடியே மாடியேறி வந்தாள்.

கணவன் ஜெகதீஸ்வரன் லாலாகுடா ரயில் பெட்டிப் பணிமனையில் ஃபிட்டர். அவர்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. குளித்துவிட்டு அவர் அருகில் வந்தால் சுந்தரி தன்னை அறியாமல் ஓரடி பின்னால் போவதை அவர் இரண்டு முறை பார்த்தார். மூன்றாம் முறை அவர் சோப்பைத் தொடவில்லை.

கிரீஸ் ஒட்டிய கையில் மரத்தூளைப் போட்டுத் தேய்த்து, வெறும் தண்ணீரில் கழுவினார். தோல் சிவந்து, ஓரிடத்தில் கீறலாகிவிட்டது.

"ஏங்க, சோப்பு போட்டுக் கழுவுனா என்ன?"

"நக்கோ சுந்தரி, வேணாம். தண்ணி போதும்."

"கைக்கு நக்கோ? தோல் உரிஞ்சுபோச்சு பாருங்க."

அவர் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். "உனக்கு அந்த வாசம் ஆவல இல்ல. விடு."

அன்று அவர் டிவி பார்த்துக்கொண்டிருக்கையில் அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரேகைகளுக்குள் கறுப்பு படிந்திருந்தது. ஒரு வருஷமாகத் தொடாத சோப்பு அச்சுப் பெட்டியை மறுநாள் கழுவி எடுத்தாள்.

தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர். நிறம் கிடையாது, வாசம் கிடையாது. குழம்பு கெட்டியானதும் பழக்க தோஷத்தில் கை வாசனைப் புட்டியைத் தேடி, வெறும் அலமாரியைத் தடவிவிட்டு வந்தது. மறுநாள் கட்டிகளாக அறுத்து, வெயில் படாத மூலையில் அடுக்கினாள். ஆறு வாரம் ஆறவேண்டும். தினமும் ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்தாள். நாள் போகப்போக அவை தந்தம் போல வெளுத்தன.

முதல் கட்டியை மூக்கருகே கொண்டுபோக அவளுக்குப் பயமாயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். ஒன்றுமில்லை. இத்தனை நாள் பயந்த அந்த ஒன்றுமில்லாதது, இப்போது மழை விட்ட வானம் மாதிரி விரிந்து கிடந்தது. ஜெகதீஸ்வரன் அதைக் குழைத்துக் கை கழுவினார், இரண்டு முறை, மூன்று முறை. அவள் கிட்டே போய் நின்றாள். பின்வாங்கவில்லை.

ஹம்ஸினி இதை ஏதோ வாட்ஸாப் குழுவில் எழுதிவைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹைடெக் சிட்டியிலிருந்து மெட்ரோவில் ஒருவன் வந்து வாசலில் நின்றான். பெயர் ஃபெலிக்ஸ், நாகர்கோவில்காரன், கம்ப்யூட்டர் வேலை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்தான்.

"உங்களுக்கும் மூக்கு இப்படித்தானா தம்பி?" என்று சுந்தரிதான் தொடங்கினாள்.

"ஆமாக்கா." டம்ளரைக் கையில் உருட்டினான். "வீட்ல மோளு இருக்கா. நாலு மாசம். தூக்கினா எனக்கு ஓக்காளம் வருதுக்கா. பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, பவுடரு, சோப்பு, துணி தொவைக்க பொடி, எல்லாம் எனக்குச் செத்த எலி மாதிரி. பொண்டாட்டிகிட்ட சொன்னேன். நம்ப மாட்டேங்கிறா. பெத்த பிள்ளைய வேண்டாம்னு நெனைக்கியான்னு அழுதா."

சுந்தரி எழுந்துபோய் ஆறு கட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தாள். "பிள்ளை தோலுக்குப் போடாதீங்க, டாக்டரைக் கேட்காம வேண்டாம். குளிப்பாட்ட வெறும் வெந்நீர் போதும். ஆனா அவ துணி, பெட்ஷீட், உங்க ரெண்டு பேர் துணி, எல்லாத்தையும் இதுல ரெண்டு மூணு தடவை அலசுங்க. பவுடரைத் தூர வைங்க. அப்புறம், உங்க வீட்டம்மாகிட்ட போனைக் கொடுங்க. நான் சொல்றேன்."

அவன் மனைவியிடம் அவள் முக்கால் மணி நேரம் பேசினாள். டயர் காபியைச் சொன்னாள், ஓரடி பின்னால் போனதைச் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து அழைப்பு வந்தது. "அக்கா, என் நெஞ்சுல கெடந்து ஒறங்குறா," என்று ஃபெலிக்ஸ் கிசுகிசுத்தான். "ஒரு மணிக்கூர் ஆச்சு. அசங்கல நான்." இருவருமே போனை வைக்கவில்லை. ஒரு குழந்தையின் மூச்சு, தூரத்துக் கடல் போல ஏறி இறங்குவதைச் சுந்தரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு கர்ப்பிணிகள் வந்தார்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் வந்தார்கள். போலாரத்திலிருந்து மருந்து வாசத்தில் மனம் கசந்துபோன ஒரு நோயாளிக்காக வாங்கிப்போனார்கள். யாருக்கும் அவள் விளம்பரம் செய்யவில்லை.

மூன்றாம் வருஷ ஆடி மாதத்தில், தார்நாகாவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜன்னலைத் தள்ளியதும் ஏதோ ஒன்று முகத்தில் மோதியது. டீசல். டீசல் டீசலாகவே இருந்தது. இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி, சேலை நனைய நடந்தாள். தள்ளுவண்டியில் கொய்யா. யாரோ ஊதிய பீடி. ஈரச் சாக்கு. பூக்கடை முன் நின்றாள். அங்கே இன்னும் ஒன்றும் தெரியவில்லை. பரவாயில்லை என்று நடந்தாள். தெருமுனையில் மூடி திறந்த சாக்கடையருகே அசந்துபோய் நின்றுவிட்டாள். ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைச் சுற்றிப் போனார்கள்.

அங்கிருந்தே கணவனை அழைத்தாள். "ஏங்க, இங்க சாக்கடை நாறுதுங்க!"

"ஹவ், ஆமா, சாக்கடை நாறத்தானே செய்யும்," என்றார் ஜெகதீஸ்வரன். பிறகுதான் அவருக்குப் புரிந்தது. "எங்க நிக்கிற? அங்கேயே இரு, வரேன்."