அம்மா சொன்ன பதில்கள்

என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் கபடியில் அவனை மடக்கிப் பிடிக்க தாராவியில் ஆள் கிடையாது. மூச்சு விடாமல் பாடிப் போக வேண்டிய ஆட்டத்தில் ஊமை எப்படிப் பாடுவான் என்று எதிரணிக்காரர்கள் வம்பு பண்ணுவார்கள். அவன் தொண்டைக்குள் ஒரு முனகலை அறுபடாமல் இழுப்பான். ரெஃப்ரி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சரி என்பார்.

வீட்டில் எங்களுக்கென்று ஒரு கைப்பேச்சு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் தலையில் எண்ணெய் தேய்ப்பது. அம்மா என்றால் மூக்குத்தி இருக்குமிடத்தில் விரலை வைப்பது. வெளியாட்களுக்கு அதை எடுத்துச் சொல்வது அம்மாதான். தான் வேலை பார்த்த தோல் பட்டறையின் மேஸ்திரியை அண்ணன் கையாலேயே கிழிகிழியென்று கிழிப்பான். "சரிங்கான், அண்ணாச்சி" என்பாள் அம்மா, முகத்தில் ஒன்றுமே காட்டாமல். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும்.

டிராம் ஓடிக்கொண்டிருந்த கடைசிக் காலம் அது. வடாலாவில் ஒரு ஞாயிறு ஆட்டத்துக்கு நானும் அம்மாவும் போயிருந்தோம். நாலு பேர் சேர்ந்து அவனை அமுக்கியபோது ஒருவனுடைய முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. நினைவில்லாமல் கிடந்தான். எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில், பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தான். அம்மா சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "டாக்டர்ட்ட இதைச் சொல்லிக்கிட்டு நிக்காத" என்றாள்.

சின்ன வயது டாக்டர். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இன்று என்ன கிழமை என்று இந்தியில் கேட்டார். அம்மா அதைக் கையால் கேட்டாள். அண்ணன் தோல் சுரண்டுவதுபோல் கையை ஆட்டினான்; வேலைநாளாம்.

"இத்வார், சாப்" என்றாள் அம்மா. ஞாயிறுதான்.

ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று கேட்டார். அண்ணன் சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பதுபோல் காட்டினான்.

"ஹம் ஜீதா, சாப்" என்றாள் அம்மா. நாங்கள்தான் ஜெயித்தோமாம்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, அவன் அப்படிச் சொல்லலியே!"

"சும்மா கெடட்டி!" என் கையைக் கிள்ளினாள். "ஊமைன்னே வேலைக்கு வைக்க மேஸ்திரி அம்புட்டு யோசிச்சான். மண்டையும் கலங்கிட்டுன்னு இவரு எழுதிட்டா, பட்டறையில திரும்பச் சேப்பானா?"

அவள் சொன்னது நியாயம்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. எனக்குத் தெரிந்த இந்தியில், அம்மா சொன்னதெல்லாம் பொய் என்று கத்தினேன். வாந்தியையும் சொல்லி அழுதேன். டாக்டர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். யார் சொல்வதை நம்புவார், பாவம்? அண்ணனின் கை பேசியது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியில் அவர் எழுந்து அம்மாவைக் கட்டிலுக்கு எதிரே நிறுத்தினார். அவளை விரலால் காட்டி, இது யார் என்று அண்ணனிடம் ஜாடையில் கேட்டார். மூக்கைத் தொட்டால் அம்மா என்று அர்த்தம் என்று நான் விக்கி விக்கிச் சொன்னேன்.

அண்ணன் அவளையே பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் விரித்தான், தெரியாது என்று.

அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டர் ஸ்ட்ரெச்சருக்குக் குரல் கொடுத்தார். அம்மா மூக்குத்தியைத் தொட்டுத் தொட்டு அவனுக்குக் காட்டிக்கொண்டே இருந்தாள். அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திய பிறகும் அந்த விரலை அவள் எடுக்கவில்லை.